தவறிய போலியோச் சொட்டு: திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை

சகோதரி, காய்ச்சலால் நான்காம் மாத ஊசியும் சொட்டும் தவறிப் பிள்ளைக்கு இப்போது ஆறரை மாதம் என்று எழுதியிருந்தீர்கள். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள். இந்தக் கிழமையே வளர்ச்சிப் பதிவேட்டோடு கோண்டாவில் கிளினிக்குக்குப் போங்கள். இரண்டு தடவைகளுக்கு இடையே குறைந்தது நான்கு கிழமை வேண்டும். மிச்சத் திகதிகளைக் குடும்பநல உத்தியோகத்தர் குறித்துத் தருவார். சாதாரண தடிமன் இருந்தாலும் கொடுக்கலாம்.

சொட்டு நாக்கில் இரண்டே துளி. உடனே துப்பினால் சொல்லுங்கள், திரும்பக் கொடுப்பார்கள். போலியோ ஊசி 0.1 மில்லிலீட்டர்தான், தோலுக்குள் போடுவதால் சிறு கொப்புளம் எழும்பி அடங்கும். பயப்படாதீர்கள்.

'இப்போது எங்கே போலியோ' என்று மாமியார் கேட்பதும் நியாயம்தான். இலங்கையில் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் கிருமி இன்னும் உலாவுகிறது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு குறியும் தெரியாது. மலத்தின் வழியே பரப்பிக்கொண்டிருப்பார்கள். ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்கு வாதம் வரும். வந்தால் மருந்தில்லை.

என் பெரியம்மாவின் மகனுக்கு வந்தது. வலது கால் கைத்தடி போல மெலிந்துவிட்டது. இடது காலால் மட்டும் மிதித்துச் சைக்கிளில் கோயிலுக்கு வருவார். அவரைப் பார்த்து வளர்ந்தவள் நான். மாமியாரின் வயதுக்கு அவருக்கும் அப்படி யாரையாவது தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.