வெளியூர் விருந்தினரை மட்டும் நம்பி மசாஜ் நிலையம் நடத்த முடியுமா?

கேள்வி: காரைக்குடியில் வாடகைக் கட்டடத்தில் பெண்களுக்கான மசாஜ் சிகிச்சை நிலையம் நடத்துகிறேன். முறையாகப் பயிற்சி பெற்றிருக்கிறேன். உதவிக்கு ஒரு பெண் இருக்கிறார். மார்கழி, தை மாதங்களில் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் பயணிகளால் ஓரளவு வருமானம் வருகிறது. சித்திரை பிறந்துவிட்டால் நிலையம் வெறிச்சோடிப் போகிறது. இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுத்தும், பாதி விலைச் சலுகை அறிவித்தும் பார்த்துவிட்டேன். வந்தவர்கள் மறுமுறை வரவில்லை. தொழிலை எப்படி வளர்ப்பது?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தைய வரியில்தான் விடை இருக்கிறது. புதியவர்கள் வராதது உங்கள் குறை அன்று. வந்தவர்கள் திரும்பி வராததே குறை. கானாடுகாத்தானில் இரண்டு இரவு தங்கிவிட்டு மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ புறப்படும் பயணி, உங்கள் கைப்பக்குவத்தில் எவ்வளவு மனம் நிறைந்தாலும் அடுத்த மாதம் வரப்போவதில்லை. ஆகவே மாதாமாதம் வரக்கூடிய உள்ளூர்க்காரர்களை அடித்தளமாக வைத்துக்கொண்டு, சுற்றுலா வருமானத்தை அதற்கு மேல் கிடைக்கும் உபரியாகக் கருதுங்கள்.

முதலில் பாதி விலைச் சலுகையை நிறுத்துங்கள். ஓர் அமர்வுக்கு 1,000 ரூபாய் வாங்குகிறீர்கள் என்றும், எண்ணெய், துணி வெளுப்பு, உதவியாளர் கூலி ஆகியவற்றுக்கு 400 ரூபாய் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். உங்களுக்கு மிஞ்சுவது 600. கட்டணத்தை 500 ஆக்கினால் செலவு குறையாது; மிச்சம் 100 ரூபாய்தான். முன்பு ஒருவரிடம் கிடைத்ததைப் பெற இப்போது ஆறு பேருக்குப் பிடித்துவிட வேண்டும். உங்கள் மூலதனமே உங்கள் கைகளும் தோள்களும் என்னும்போது, இந்தக் கணக்கு பண இழப்போடு நிற்காமல் உடல் இழப்பாகவும் முடியும். அதோடு, விலைக்காக வந்தவர் அடுத்த முறை இன்னும் மலிவான இடத்தைத் தேடிப் போவார்.

உள்ளூர்க்காரர்கள் என்றதும் எல்லாரையும் நினைக்க வேண்டாம். உங்கள் வட்டாரத்துக்கே உரிய ஒரு தேவை கண்முன் இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர்ப் பகுதிகளில் பெரிய வீடுகளில் வயதான ஆச்சிமார்கள் தனியாகவோ ஒரு பணிப்பெண்ணின் துணையோடோ வாழ்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். முழங்கால் வலியும் தோள் இறுக்கமும் இங்கே இருக்க, கட்டணத்தைக் கொடுக்க முடிவெடுப்பவர் அங்கே இருக்கிறார். உங்கள் விளம்பரமெல்லாம் இங்கிருப்பவரை நோக்கியே பேசுகிறது. அங்கிருப்பவர் உண்மையில் கவலைப்படுவது, அம்மாவின் வீட்டுக்குள் நுழையும் ஆள் நம்பத்தக்கவரா, அம்மா எப்படி இருக்கிறார் என்பவற்றைப் பற்றியே. இந்த இரண்டு கவலைகளையும் தீர்ப்பவரிடம் அவர் தள்ளுபடி கேட்க மாட்டார்.

ஆகவே வாரத்தில் சில காலைப் பொழுதுகளை வீட்டுக்குச் சென்று சிகிச்சை அளிப்பதற்கென ஒதுக்குங்கள். முதல் முறை போகும்போது அடையாள அட்டையையும் பயிற்சிச் சான்றிதழின் நகலையும் காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முடித்த பிறகு, ஆச்சியின் சம்மதத்தோடு, பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதுங்கள்: “இன்று காலை 10 மணிக்கு முதுகும் தோளும் பிடித்துவிட்டோம். இடது கையைச் சென்ற வாரத்தைவிட எளிதாகத் தூக்குகிறார்கள். வலது கெண்டைக்காலில் வீக்கமும் சூடும் தெரிவதால் அங்கே கை வைக்கவில்லை. இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.” கடைசி வாக்கியத்தை நான் வேண்டுமென்றேதான் சேர்த்தேன். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் சூடும் இருந்தால் அது ஆழ்சிரையில், அதாவது தசைகளுக்கு உள்ளே ஆழத்தில் ஓடும் இரத்தக் குழாயில், உறைந்த இரத்தமாக இருக்கலாம். அதை அழுத்திப் பிடிப்பது உயிருக்கே ஆபத்து. நீண்ட விமானப் பயணம் முடித்து ஊருக்கு வருபவர்களிடமும் இதைக் கவனிக்க வேண்டும். இப்படி மறுத்து அனுப்பும் ஒரு நாள், வருமானம் இழந்த நாளாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் குடும்பம் உறவினர் அத்தனை பேரிடமும் உங்கள் பெயரைச் சொல்லும்.

நிலையத்துக்கு வருபவர்களுக்கும் தனித்தனி அட்டை வையுங்கள். என்ன தொந்தரவு, மருத்துவர் விதித்த தடை என்ன, எந்த எண்ணெய் ஒத்துக்கொள்ளாது, யார் சொல்லி வந்தார் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். அவர் கிளம்பும் முன்பே அடுத்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். “முடிந்தபோது வாருங்கள்” என்று வழியனுப்புவது நம் ஊர்ப் பண்பாக இருக்கலாம், தொழிலுக்கு, “மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை சரிப்படுமா?” என்ற கேள்வியே உதவும். “யார் சொல்லி வந்தார்” என்ற பத்தியை மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால், விளம்பரத்துக்குச் செலவிடுவதா வேண்டாமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எலும்பு மருத்துவர்களையும் இயன்முறை மருத்துவர்களையும் நேரில் பாருங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இரண்டாவது பகுதிதான் அவர்களை உங்கள்பால் நம்பிக்கை கொள்ளவைக்கும். விளம்பரத்தில் “பக்கவாதம் குணமாகும்”, “உடல் பருமன் குறையும்” போன்ற வாசகங்கள் இருந்தால் உடனே நீக்குங்கள். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம், தன் அட்டவணையில் உள்ள நோய்களைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரப்படுத்துவதைத் தடை செய்கிறது. பக்கவாதம், வாதநோய், உடல் பருமன், நீரிழிவு ஆகியவை அந்த அட்டவணையில் இருக்கின்றன. நீங்கள் தேய்க்கும் தைலத்தைப் பற்றிச் சொல்லும் சொல்லும் அதில் சிக்கக்கூடும். தசை இறுக்கம் தளரும், களைப்பு நீங்கும் என்று எழுதினாலே போதுமானது.

கூகுள் வரைபடத்தில் நிலையத்தைப் பதிவு செய்வது இலவசம். அறையின் உண்மையான படம், திறந்திருக்கும் நேரம், பெண்களுக்குப் பெண்களே சிகிச்சை அளிக்கிறார்கள் என்ற விவரம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இடுங்கள். வாசலில் உள்ள பலகையிலும் இதுவே தெளிவாக இருக்கட்டும். இந்தத் தொழிலைப் பற்றி ஊரில் நிலவும் ஐயத்தை நீக்க வேறு குறுக்குவழி கிடையாது. நல்ல மதிப்புரை எழுதுபவருக்குச் சலுகை தருவது கூகுளின் விதிகளுக்கே புறம்பானது, அதைச் செய்யாதீர்கள்.

சுற்றுலாப் பருவத்துக்குப் பாரம்பரிய விடுதிகளோடு பேசிவைப்பதே சிறந்தது. கானாடுகாத்தான் உங்களுக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் என்பதால், போக்குவரத்து நேரத்தையும் கட்டணத்தில் சேர்த்துக் கணக்கிட்டு, விடுதிக்கான பங்கு, பணம் வந்து சேரும் நாள், கடைசி நேரத்தில் ரத்தானால் என்ன கட்டணம் என்பவற்றை ஐப்பசிக்கு முன்பே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மாலைப் பொழுதுகளை மட்டும் அவர்களுக்குக் கொடுங்கள்; காலை நேரத்தை உள்ளூர் ஆச்சிமார்களிடமிருந்து பறித்துக் கொடுத்துவிட்டால், சித்திரையில் அவர்கள் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போய்த் திரும்புகிறவர்கள் கால் வலியோடு வருவார்கள். கொப்புளமும் புண்ணும் ஆறிய பிறகே அவர்களுக்குப் பிடித்துவிட வேண்டும். வழிநெடுக அவர்களுக்குத் தொண்டு செய்வது வழிவழி மரபு என்பதால், அங்கே விளம்பரத் தாள் நீட்டுவதை நான் விரும்பவில்லை.

இரண்டாவது அறையும் மற்றொரு சிகிச்சையாளரும் இப்போது வேண்டாம். கோடை மாதங்களில், அதாவது சுற்றுலாப் பயணிகள் இல்லாதபோது, உங்கள் காலைப் பொழுதுகள் தொடர்ந்து இரண்டு மாதம் முன்பதிவிலேயே நிரம்பினால் அப்போது ஆள் எடுங்கள். தை மாதத்துக் கூட்டத்தைப் பார்த்து அந்த முடிவை எடுக்காதீர்கள்.