மார்பு தளர்ந்தால் பால் வற்றிவிட்டதா?

கேள்வி: பாம்பன் பக்கம் இருக்கிறேன். மகனுக்கு இரண்டு மாதம் முடியப்போகிறது. முதல் மாதம் மார்பு கட்டிக்கொண்டு பால் தானாக வழியும். இப்போது தளர்ந்துவிட்டது. சாயங்காலமானால் பிள்ளை ஓயாமல் அழுகிறான். பால் பத்தவில்லை, பவுடர் பால் கொடு, வெக்கைக்குத் தண்ணீரும் கொடு என்கிறார் மாமியார். அடுத்த மாதம் நான் கடலில் பாசி எடுக்கப் போயாக வேண்டும். என்ன செய்வது?

பதில்: பவுடர் பால் டப்பா இப்போது வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதில் பால் குறைந்ததற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை.

முதல் சில வாரம் உடம்புக்கு அளவு தெரியாது. தேவைக்கு மேல் சுரந்து மார்பு கட்டும். ஆறு வாரம் வாக்கில் பிள்ளை குடிக்கும் அளவுக்குச் சுரக்கப் பழகிவிடும். அதனால்தான் தளர்கிறது. இதே நாட்களில்தான் சாயங்கால அழுகையும் உச்சத்துக்குப் போகும். மூன்று, நான்கு மாதத்தில் தானாக அடங்கும். இரண்டும் ஒன்றாக வருவதால் பால் வற்றிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அப்புறம் நடப்பதுதான் வருத்தமானது. ஒரு வேளை புட்டி கொடுப்பார்கள். பவுடர் பால் செரிக்க நேரமாகும் என்பதால் பிள்ளை கூடுதலாகத் தூங்கும். "பசியில்தான் அழுதிருக்கு" என்பார்கள். அந்த வேளைக்கான பால் மார்பிலேயே தேங்கும், தேங்கினால் சுரப்பு குறையும். இறைக்கிற கிணறுதான் ஊறும். சில வாரங்களில் நிஜமாகவே பால் பத்தாமல் போகும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் இந்திய அளவில் சுமார் 64 சதவீதம், தமிழ்நாட்டில் 55 சதவீதம்தான். ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடக்கிற மாநிலத்தில் இந்த எண்ணை என்னால் ஏற்கவே முடியவில்லை. வீட்டுக்குப் போன பிறகு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை.

அழுகையை வைத்துப் பாலை அளக்காதீர்கள். மூத்திரத்தையும் எடையையும் பாருங்கள். ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் வெளுத்த மூத்திரம் போக வேண்டும். இந்த வயதில் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் ஏறினால் நல்லது. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரே தராசில் நிறுத்துப் பாருங்கள். சாயங்காலம் கேட்கும்போதெல்லாம், மாற்றி மாற்றி இரண்டு பக்கமும் கொடுங்கள். ராத்திரிப் பாலை விடாதீர்கள், சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் அப்போதுதான் அதிகம்.

தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் சுமார் 88 சதவீதம் தண்ணீர்தான், நம் கோடை வெக்கைக்கும் அது போதும். குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரால் வயிற்றுப்போக்கு வரும் ஆபத்துதான் மிச்சம். தாகம் தீரக் குடிக்க வேண்டியது நீங்கள்.

மாமியாரோடு சண்டை வேண்டாம், பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். பால் ஊறும் என்று பால்சுறாப் புட்டு செய்து தந்தால் எப்போதாவது சாப்பிடுங்கள். சுறாவில் பாதரசம் சேரும் என்பதால் அன்றாடத்துக்குச் சாளை, நெத்திலி, காரல் போதும். ஆனால் எந்த மீனும் பிள்ளை சப்புவதற்கு ஈடாகாது. எடை நிறுக்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். எடை ஏறியிருப்பதை அவரே பார்க்கட்டும்.

பாசி வேலைதான் நிஜமான சிக்கல். கம்பெனி வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. கடலில் இறங்கிப் பாசி எடுப்பவருக்கு அது இல்லை. தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்திவிட்டாள் என்று அவரைக் குறை சொல்வது அநியாயம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தவணை ஏதும் பாக்கியிருக்கிறதா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். அந்தப் பணத்தில் சில வாரமாவது தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

போய்த்தான் ஆக வேண்டும் என்றால், இப்போதிருந்தே கையால் பீய்ச்சப் பழகுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சி, நிழலில் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜ் இருந்தால் 24 மணி நேரம் வரை வைக்கலாம். அடுப்பில் சூடாக்கக் கூடாது, வெந்நீரில் கிண்ணத்தை வைத்தால் போதும். புட்டிக்குப் பதில் சங்கில் புகட்டச் சொல்லுங்கள். கிளம்பும் முன்னும் திரும்பி வந்ததும் நேராகக் கொடுங்கள். வெயிலில் நின்று வந்தவள் சூட்டுப்பால் கொடுக்கக் கூடாது, பீய்ச்சிக் கொட்ட வேண்டும் என்பார்கள். மார்புக்குள் இருக்கும் பால் கெடாது. உப்பைக் கழுவிவிட்டு உடனே கொடுக்கலாம்.

எடை ஏறவில்லை, மூத்திரம் குறைந்து அடர்மஞ்சளாகப் போகிறது, பால் குடிக்காமல் பிள்ளை சோர்ந்து தூங்குகிறான், உங்களுக்கு மார்பு சிவந்து காய்ச்சல் வருகிறது: இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். போகும் வழியிலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.