அப்பா பொய் சொல்லவில்லை, சகோதரி

வணக்கம் சகோதரி. ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு முறை விழுங்கிவிட்டு, "எனக்கு மறதியே கிடையாது" என்று அப்பா சண்டை போடுவதாகவும், வீம்புக்காக மறைக்கிறாரோ என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வீம்பாக இருக்க வேண்டியதில்லை. தன் குறையைத் தானே உணர்வதும் மூளையின் வேலைதான், அதுவும் பழுதாகலாம். இடப்பக்கம் செயலிழந்தும் அதை அறியாத நோயாளிகளைக் கண்ட பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி, 1914-இல் இதற்கு 'அனோசோக்னோசியா' என்று பெயரிட்டார். லேசான அறிவாற்றல் குறைபாட்டில், அதாவது வயதுக்கு மீறிய மறதி இருந்தும் அன்றாட வேலைகளைப் பெரும்பாலும் தாமே செய்துகொள்ள முடிகிற நிலையில், இது ஆளுக்கு ஆள் மாறும். சிலர் தம் மறதியை நன்றாக உணர்ந்து வேதனைப்படுவார்கள். சிலருக்கோ நேற்று மறந்தது மனத்தில் பதிவதே இல்லை. பழைய, கூர்மையான தம்மையே இன்னும் காண்கிறார்கள்.

என் அம்மாவிடம் ஓராண்டு ஆதாரம் காட்டி வாதாடினேன். அவர் அழுததுதான் மிச்சம். இன்றும் அது என்னை உறுத்துகிறது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

கிழமைவாரியாக அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி வாங்கி, நீங்களே நிரப்பிவையுங்கள். இரட்டிப்பாக விழுங்கியதை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். அவர் முன்னால் அப்பா "நன்றாக இருக்கிறேன்" என்றே சொல்வார்; எனவே நடந்தவற்றைத் தேதியோடு எழுதி, தனியாகக் கொடுங்கள். வைட்டமின் பி12, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். இவற்றால் வரும் மறதி சிகிச்சையில் குறையக்கூடும்.