ஐந்தாம் மாதத்தில் புதுவீட்டுக்குக் குடிபோகலாமா?

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. சென்னையில் வாங்கிய புதுவீட்டில் மரவேலை போன வாரம்தான் முடிந்தது. உள்ளே போய்ச் சிறிது நேரம் நின்றாலே கண் எரிகிறது. ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டார்கள். அன்றே குடிபோகலாமா?

பதில்:

குறித்த நாளில் பால் காய்ச்சிவிடுங்கள். குடிபோவதை மட்டும் தள்ளிப்போடுங்கள். வசதிப்பட்டால் பிரசவம் முடியும்வரை இப்போதிருக்கும் வீட்டிலேயே இருங்கள். இந்தத் தவறை நான் செய்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

திருச்சியில் நாங்கள் வீடு கட்டி முடித்தபோது எனக்கும் ஐந்தாம் மாதம். ஒரு பக்கம் வாடகை, மறுபக்கம் வங்கித் தவணை. கர்ப்பமாக இருக்கும்போது புதுமனை புகக்கூடாது என்று என் மாமியார் சொன்னார். நான்தான் பிடிவாதமாக நின்றேன். வைகாசி வெயில். மாடி அறையில் ஒரு சுவர் முழுக்கப் புது அலமாரி. ஜன்னலை அடைத்து ஏ.சி. போட்டுப் படுப்போம். விடியும்போது கண் எரியும், தொண்டை காய்ந்திருக்கும், தலை விண்ணென்று வலிக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார், பிறகு சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சோதித்தார். நீங்களும் இதை மறக்காதீர்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு தலைவலி வந்தால் இரத்த அழுத்தம் கூடியதும் காரணமாக இருக்கலாம், பெயின்ட் வாடைதான் காரணம் என்று நீங்களாகவே முடிவு கட்டக் கூடாது. எனக்கு இரண்டும் சரியாக இருந்தன. லால்குடியில் அம்மா வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் தலைவலி விட்டது.

அதன் பிறகுதான் எங்கள் ஆசாரியிடம் உட்கார்ந்து கேட்டேன். சுவர் பெயின்ட்டைத்தான் எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள். இப்போதைய நீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். நீண்ட நாள் தொல்லை பலகையில் இருக்கிறது. எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்தது), மலிவான கமர்ஷியல் பிளைவுட் ஆகியவற்றை ஒட்டுவது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு வரும். 2018-இல் மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று பரபரப்பு எழுந்ததே, அந்த ஃபார்மலின் இதே வாயு நீரில் கரைந்த வடிவம்தான். பலகையிலிருந்து அது மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில் கசிகிறது. வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் கசிவும் கூடும். திருச்சி வெயிலில் எனக்கு நேர்ந்தது வெப்பத்தால். உங்களுக்கு ஐப்பசி மழையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு அதே அனுபவம் நேரலாம்.

கதவுக்கு அடிக்கும் மெலமைன் பாலிஷிலும் ஃபார்மால்டிஹைடு வரும். தின்னரிலும், லேமினேட் (பலகைமேல் ஒட்டும் மெல்லிய தகடு) ஒட்டும் ரப்பர் பசையிலும் டொலுவீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். இவற்றின் வாடை கடுமையாக இருக்கும், ஆனால் சீக்கிரம் குறையும். வாடை போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நாம் ஏமாறுவது இங்கேதான். தின்னர் வாடை அடங்கிய பிறகும் பலகை கசிந்துகொண்டிருக்கும், நம் மூக்கோ அதற்குப் பழகிவிடும்.

குழந்தைக்கு என்ன ஆகும் என்பதுதான் உங்கள் மனதைக் குடையும் கேள்வி என்று எனக்குத் தெரியும். உங்களைப் பயமுறுத்த மாட்டேன். நாள் முழுக்கக் கரைப்பான்களோடு வேலை செய்யும் பெண்களிடம் கருச்சிதைவு அதிகமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டில் நாம் சுவாசிக்கும் அளவு பொதுவாக அதைவிட மிகக் குறைவு. ஃபார்மால்டிஹைடு பெரும்பாலும் பட்ட இடத்திலேயே, அதாவது கண், மூக்கு, தொண்டையிலேயே வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது. ஆகவே இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்து வந்ததை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் கர்ப்பத்தில் ஒரு நிமிடத்தில் நாம் சுவாசிக்கும் காற்றின் அளவு 30 முதல் 50 சதவீதம்வரை கூடுகிறது. பொழுதின் பெரும்பகுதி வீட்டுக்குள்தான் கழிகிறது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று 2004-லேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய ஃபார்மால்டிஹைடை, தவிர்க்க வழி இருக்கும்போது, ஏன் இரவெல்லாம் சுவாசிக்க வேண்டும்? கண், மூக்கு எரிச்சலைத் தடுப்பதை வைத்தே உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வீட்டுக்காற்றுக்கு வரம்பு சொன்னது: அரை மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம். உங்கள் கண் எரிவதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜப்பானில் புதுவீடுகளில் குடியேறியவர்கள் இப்படியே அவதிப்பட்டு, ‘சிக் ஹவுஸ்’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. திருத்திய கட்டடச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தது. ஃபார்மால்டிஹைடு கசியும் பலகைக்குக் கட்டுப்பாடு வந்தது, கரையானுக்கு அடிக்கும் குளோர்பைரிபாஸுக்குத் தடை வந்தது. அதோடு நிற்கவில்லை. ஒரு மணி நேரத்தில் வீட்டுக்காற்றில் பாதியாவது மாறும்படி விசிறி வைத்தே தீர வேண்டும் என்றார்கள். பலகையை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது, காற்று ஓட வேண்டும் என்று அவர்கள் கண்டதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

நம் ஊரில் நேர்மாறாகச் செய்கிறோம். தூசு படியக் கூடாது, திருட்டுப் போகக் கூடாது என்று முடிந்த வீட்டைப் பால் காய்ச்சும் நாள்வரை பூட்டி வைக்கிறோம். நாங்களும் இரண்டு மாதம் பூட்டித்தான் வைத்திருந்தோம். பூட்டிய வீட்டில் வாயு போக இடம் ஏது? அந்த இரண்டு மாதத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

ஆகவே இன்றிலிருந்தே யாரையாவது தினமும் அனுப்பி, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, விசிறிகளை ஓடவிடச் சொல்லுங்கள். அலமாரிக் கதவுகளைத் திறந்து, இழுப்பறைகளை வெளியே எடுத்துவைக்க வேண்டும். வெயில் ஏறும் மதியத்தில்தான் கசிவு அதிகம், அந்த நேரத்தில் கண்டிப்பாகத் திறந்திருக்கட்டும். அலமாரியின் பின்பக்கம், அடிப்பக்கம், கீல் துளை, வெட்டிய விளிம்பு ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். மூடாத வெறும் பலகை தெரிந்தால் லேமினேட்டும் விளிம்புப் பட்டையும் ஒட்டச் சொல்லுங்கள். எங்கள் அலமாரியின் பின்பக்கம் முழுக்க அப்படித்தான் திறந்து கிடந்தது. அந்த வேலை நடக்கும் நாட்களிலும், அடுத்த சில நாட்களிலும் நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். இன்னும் செய்யாத மரவேலை மிச்சமிருந்தால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மெரைன் பிளைவுட்டைக் கேளுங்கள். அதில் இருப்பது பீனால் ஃபார்மால்டிஹைடு பசை, கசிவு மிகக் குறைவு.

பால் காய்ச்சும் நாளுக்கு முன் வீட்டைக் கழுவித் துடைக்கும் வேலையில் நீங்கள் இறங்க வேண்டாம். புட்டி தேய்த்த தூளும் டைல்ஸ் அறுத்த தூளும் மூலைமுடுக்கெல்லாம் இருக்கும். மற்றவர்கள் ஈரத்துணியால் துடைக்கட்டும். ஓமம் வளர்த்தால் புகை வராத இடத்தில், ஜன்னலோரமாக உட்காருங்கள். பூசை முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். பெரியவர்கள் முகம் சுளித்தால், மருத்துவர் சொன்னார் என்று சொல்லுங்கள். உங்கள் மருத்துவரும் இதைத்தான் சொல்வார் என்று நம்புகிறேன்.

வாடகை வீட்டைக் காலி செய்தே ஆக வேண்டும் என்றால், மரவேலை மிகக் குறைவாக உள்ள அறையில் பழைய கட்டிலைப் போட்டுப் படுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்தே வையுங்கள். கொசுவர்த்திச் சுருளும், அலமாரியில் நாப்தலீன் உருண்டையும் வேண்டாம். ஸ்பிளிட் ஏ.சி. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா என்று நானும் தேடினேன். அதிலுள்ள ஹெப்பா வடிகட்டி தூசைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. சாதாரணக் கரி வடிகட்டியில் ஃபார்மால்டிஹைடு அவ்வளவாகத் தங்குவதில்லை. தொட்டிச் செடிகளை அழகுக்காக வையுங்கள், இந்த வேலைக்கு அவை போதாது. கையடக்க அளவுமானிகள் வாசனைத் திரவியத்துக்கும் சமையலுக்கும்கூட எகிறும், அந்த எண்களை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பழைய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் கர்ப்பிணிகள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலைச் சுரண்டும்போது பறக்கும் தூளில் ஈயம் இருக்கலாம், அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடையும். சுரண்டி, துடைத்து முடிக்கும்வரை வேறு வீட்டில் இருங்கள்.

நாங்கள் மகனுக்கு ஐந்து மாதமானபோது திரும்பி வந்தோம். அதுவரை கணவர் தினமும் காலையில் ஜன்னல்களைத் திறந்து, இரவில்தான் அடைத்தார். உங்கள் வீட்டில் எந்த அறையில் என்ன பலகை போட்டிருக்கிறார்கள், எதிரெதிர் ஜன்னல்கள் இருக்கின்றனவா என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். குடிபோயே ஆக வேண்டிய நிலை வந்தால் எந்த அறையில் படுப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.