கராஜ் பதில்கள்: நாலு நாட்டில் நாலு பெயர்

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி 2008 மொடல் சாட்டர்ன் அஸ்ட்ரா ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறான். அமெரிக்கன் கார் என்று பெருமையாகப் படம் அனுப்பினான். ஜேர்மனியில் இருக்கும் அண்ணா அதைப் பார்த்துவிட்டு, "இது ஒப்பல், உன்னை நல்லாய் ஏமாத்திப்போட்டாங்கள்" என்கிறார். இருவரும் கதைப்பதே இல்லை. யார் சொல்வது சரி?
(வாசகி, கோண்டாவில்)

தங்கச்சி, அண்ணா சொன்னதில் முதல் பாதி சரி, மறு பாதி பிழை. அது ஒப்பல் என்ற ஜேர்மன் கார்தான். ஆனால் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சாட்டர்ன், ஜெனரல் மோட்டோர்ஸ் என்ற அமெரிக்கக் கொம்பனி வைத்திருந்த ஒரு பெயர். ஒப்பலும் அந்த நேரம் அவர்களுடையதுதான். பெல்ஜியத்தில் அன்ற்வேர்ப் தொழிற்சாலையில் செய்த அஸ்ட்ராவுக்கு சாட்டர்ன் சின்னத்தைப் பூட்டி, 2008, 2009 மொடல்களாகக் கடல் கடந்து விற்றார்கள். உங்களுக்கு லண்டனில் ஒரு சித்தப்பா இருந்தால் இதே காரை வொக்ஸ்ஹோல் என்று ஓடியிருப்பார். சிட்னியில் மாமி இருந்தால் ஹோல்டன். எங்கள் குடும்பங்களைப் போலத்தான், ஒரு வயிற்றில் பிறந்து நாலு நாட்டுப் பாஸ்போட்.

தம்பிக்கு இன்னும் சந்தேகம் என்றால் வெளியே நின்று முன் கண்ணாடியின் கீழ் மூலையை, ஸ்ரியரிங் பக்கமாக, பார்க்கச் சொல்லுங்கள். சின்னத் தகட்டில் பதினேழு இலக்க எண் ஒன்று தெரியும். 1 இல் தொடங்கினால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிக்கோ, ஜே என்றால் ஜப்பான். அவருடையது டபிள்யூவில் தொடங்கும். அது ஜேர்மனிக்கு ஒதுக்கிய எழுத்து. கார் பூட்டப்பட்டது பெல்ஜியத்தில் என்றாலும் எண் விழுந்தது ஒப்பலின் கணக்கில்.

ஏன் மலிவு என்றுதானே அடுத்து கேட்பீர்கள். கார் கூடாது என்பதால் இல்லை, தெருவில் நன்றாக ஒட்டி ஓடும் கார். விற்க வந்த நேரம்தான் கூடாது. 2008 இன் முதல் பாதியில் ஒரு யூரோவுக்கு ஒன்றரை டொலர் கொடுக்க வேண்டியிருந்தது. யூரோவில் கூலி கொடுத்துச் செய்த சின்னக் காரை டொலரில் விற்றால் கையில் என்ன மிஞ்சும்? அடுத்த வருடம் ஜெனரல் மோட்டோர்ஸே வங்குரோத்து. சாட்டர்னை வாங்க வந்தவரும் 2009 செப்டெம்பரில் கையை விரித்துவிட, பெயரை மூடிவிட்டார்கள். தாய்வீடு இல்லாத பெயர் என்றால் சந்தையில் விலை விழத்தானே செய்யும். வாங்கியவருக்கு அது லாபம்.

இனி வேலைக்கு வருவோம். 1.8 லீற்றர் என்ஜின். அதே குடும்பத்து என்ஜினைப் பின்னாளில் அங்கே செவ்ரோலெற் சொனிக்கிலும் வைத்தார்கள். அதனால் என்ஜின் சாமான்களுக்கு அவ்வளவாக அலைய வேண்டியதில்லை. ரைமிங் பெல்ற், அதாவது என்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் றப்பர் பட்டி, எப்போது மாற்றினார்கள் என்று பழைய உரிமையாளரிடம் துண்டு இருக்கிறதா என்று முதலில் கேட்கட்டும். இல்லையென்றால் ஓடிய தூரத்தைப் பார்க்காமல் மாற்றட்டும். றப்பர் வயதாலும் சாகும். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் முட்டி வளையும், பிறகு காரை விட வேலைக் கூலி கூடிவிடும். உடம்புச் சாமான்களுக்கு அண்ணாவிடம் சொல்லலாம், ஜேர்மனியில் பழைய அஸ்ட்ராவுக்குப் பஞ்சமில்லை. இப்படியாவது இரண்டு பேரும் கதைக்கட்டும். லண்டனிலிருந்து முன் லைற் மட்டும் எடுப்பிக்க வேண்டாம். இடப்பக்கம் ஓடுகிற நாட்டு லைற் அது, கனடாவில் எதிரே வருபவரின் கண்ணுக்குள் அடிக்கும்.

கேள்வி: இவ்வளவு பெரிய அமெரிக்கக் கொம்பனிகள் ஐரோப்பியக் காருக்குப் பெயர் மாற்றி விற்க வேண்டிய தேவை என்ன? சொந்தமாகச் செய்யத் தெரியாதா?
(மாணவர், சாவகச்சேரி)

தெரியும். புதுக் காரொன்றை அடியிலிருந்து வரைந்து எடுக்கக் காசும் வருடங்களும் போகும். அக்காவின் வீட்டில் தயாராக நிற்பதை எடுத்துவந்தால் அடுத்த வருடமே கடையில் நிறுத்தலாம். ஒப்பல் ஒமேகா 1997 இல், ஜெனரல் மோட்டோர்ஸின் சொகுசுப் பெயரான கடிலாக்கில், கடிலாக் கற்றேரா ஆனது, 2001 வரை விற்றார்கள். போர்ட் கொம்பனி ஐரோப்பாவில் விற்ற சியராவை 1985 இலிருந்து மேர்க்கூர் என்ற புதுப் பெயரில் இறக்கினார்கள், 1989 இல் கடை கட்டியாயிற்று. போர்ட்டின் பெரிய சொகுசுக் காரான லிங்கன் விற்றுப் பழகிய கடைக்காரர், யாரும் கேள்விப்படாத பெயரில் ஒரு ரேர்போ காரை எப்படி விற்பார்? காரில் பிழையில்லை, நிறுத்திய கடை பிழை. இது என் அபிப்பிராயம்.

எனக்குப் பிடித்தது வான் கதை. மேர்சிடிஸின் ஸ்பிரின்ரர் வானை 2003 இலிருந்து அமெரிக்காவில் டொட்ஜ் என்ற அமெரிக்கப் பெயரில் விற்றார்கள். வெளிநாட்டு லொறி, சரக்கு வான்களுக்கு அமெரிக்காவில் 25 சதவீதத் தீர்வை. 1964 இல் வந்தது அது. அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பா வரி போட்ட கோபத்தில் போட்ட தீர்வை, கோழிச் சண்டை தீர்ந்தும் வானை விடவில்லை. அதனால் ஜேர்மனியில் பூட்டிய வானைத் திரும்பக் கழற்றி, துண்டாக அனுப்பி, தென் கரோலினாவில் மறுபடி பூட்டினார்கள். கழற்றியது என்றால் உதிரிப்பாகம், பூட்டியது என்றால் வாகனம்! பாதியாக வெட்டி உதிரிப்பாகம் என்று கொழும்பில் இறக்கிய வாகனங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. இந்த வான் நன்றாக ஓடியது. சாமான் ஏற்றுகிறவர் முன்னால் இருக்கும் சின்னத்தையா பார்க்கிறார்? எவ்வளவு கொள்ளும், கிலோமீற்றருக்கு எவ்வளவு டீசல் என்றுதான் கேட்பார். 2010 இலிருந்து அங்கேயும் மேர்சிடிஸ் என்று விற்கிறார்கள்.

கேள்வி: என்னிடம் ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற் இருக்கிறது, கலியாண ஓட்டத்துக்கு விடுகிறேன். இதே என்ஜின் போட்ட அமெரிக்கக் கார் ஒன்று உண்டாமே?
(வாசகர், மானிப்பாய்)

உண்டு ஐயா. நாஷ் மெற்றொப்பொலிற்றன். வரைந்தது அமெரிக்காவில், செய்தது உங்கள் ஒஸ்ரின்காரர்கள், பேர்மிங்ஹாம் லோங்பிரிட்ஜில். 1954 இலிருந்து 1962 வரை அமெரிக்காவில் விற்றார்கள். பொன்னற்றைத் திறந்தால் முதல் வந்த கார்களில் உங்களுடைய அதே 1200 சீசீ என்ஜின். 1954 நடுவில் பி-சீரிஸ் என்ற ஒஸ்ரினின் வேறு என்ஜினுக்கு மாறிவிட்டார்கள். பிறகு வந்த 1489 சீசீ, இந்தியாவின் அம்பாசிடரில் இருந்த அதே ஆள். ஆகவே அமெரிக்காவிலிருந்து சாமான் எடுப்பிக்கும் யோசனை இருந்தால் 1954 ஓகஸ்டுக்கு முந்தியதா என்று கேட்டு எடுங்கள். மற்றது பொருந்தாது.

ஒன்று மட்டும் சொல்வேன். தொண்ணூறுகளில் இங்கே பெற்றோல் இல்லாத காலத்தில் காபரேற்றருக்குள் ஒரு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோமே, அந்த ஓட்டம் எந்த மெற்றொப்பொலிற்றனும் ஓடியிருக்காது.

கேள்வி: என்னுடைய ஜப்பான் காருக்கு பி.எம்.டபிள்யூ சின்னம் ஒட்டலாமா?
(தம்பி ஒருவர், திருநெல்வேலி)

ஒட்டும். பதிவுப் புத்தகத்தில் பழைய பெயர்தான் இருக்கும், பொலிஸ் மறித்தால் அதைத்தான் வாசிப்பார்கள். சுப்பர் குளூ மட்டும் போடாதேயும், மனம் மாறிக் கழற்றும்போது பெயின்ற்றோடு வரும். இரட்டைப் பக்க ரேப் என்றால் சூடு காட்டி, தூண்டில் நூலால் அறுத்து எடுக்கலாம்.