குழந்தைகளின் சிறுநீர்த் தொற்று: மருந்துக்கு முன்னர் சலப் பரிசோதனை

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்: டொக்டர், நான்கு வயது மகளுக்கு இரண்டு நாட்களாக 39 பாகை காய்ச்சல்; சலம் கழிக்கும்போது அழுகிறாள். சென்ற மாதம் மிஞ்சிய கோ-அமொக்சிகிளாவ் என்ற கிருமிகொல்லிப் பாணி இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நீர் விட்டுக் கலக்கிய அந்தப் பாணி குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் 7 நாட்களுக்கு மேல் உதவாது என்பது சிறிய காரணம். ஒரு வேளை மருந்து உள்ளே போனாலே சலத்திலுள்ள கிருமி ஆய்வுகூடத்தில் வளராமல் போகக்கூடும் என்பதும், பிறகு எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று அறிய வழியற்றுப்போகும் என்பதுமே பெரிய காரணம். பெரும்பாலும் இ.கோலை என்ற குடற்கிருமிதான் இதற்குக் காரணம் என்றாலும், எல்லா இ.கோலையும் ஒரே மருந்துக்கு அடங்குவதில்லை. பிள்ளையைக் கழுவித் துடைத்து, முதலில் வரும் சலத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைக் கிருமியற்ற போத்தலில் பிடித்து, இன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். முடிவு வர இரண்டு நாட்களாவது ஆகும். அதுவரை காத்திராமல் வைத்தியர் மருந்தைத் தொடங்கி, முடிவைப் பார்த்துத் தேவையானால் மாற்றுவார். காய்ச்சலுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 மில்லிகிராம் பரசிற்றமோல், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை போதும். கொழும்பில் எந்தக் காய்ச்சலிலும் டெங்குவை மறக்க முடியாதாகையால், அதில் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய இபுபுரூபன் வேண்டாம்.

அவரே மீண்டும்: காய்ச்சல் விட்டதும் நிறுத்தலாமா?

பதில்: கூடாது. காய்ச்சலோடு வந்த தொற்று சிறுநீரகத்தைத் தொட்டிருக்கக்கூடும் என்பதால் வழக்கமாக 7 முதல் 10 நாட்கள் கொடுக்கப்படும். காய்ச்சலின்றிச் சலப்பையோடு நின்றதற்கே 3 முதல் 5 நாட்கள். தொடங்கி 48 மணித்தியாலமாகியும் காய்ச்சல் விடாவிட்டாலோ, மருந்தை வாந்தியெடுத்தாலோ உடனே திரும்பக் காட்டுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தந்தை: இரண்டு மாத மகனுக்குக் காய்ச்சல், பாணி போதுமா?

பதில்: போதாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை வைத்தியசாலையில் வைத்து நாளம் வழியாகவே மருந்து கொடுக்க வேண்டும். பொறளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு இப்போதே புறப்படுங்கள்.

தெகிவளையிலிருந்து ஒரு அம்மம்மா: இது உடம்புச் சூடுதானே தம்பி, செவ்விளநீரும் பார்லித் தண்ணீரும் போதாதா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள் அம்மா, பிள்ளை நன்றாகச் சலம் கழிப்பது நல்லதே, ஆனால் அவை கிருமியைக் கொல்வதில்லை. பேத்திக்கு மலச்சிக்கல் உண்டா என்றும் பாருங்கள். இறுகிய குடல் சலப்பையை அழுத்த, சலம் முழுதாக வெளியேறாமல் தொற்று திரும்பத் திரும்ப வருவதை அடிக்கடி காண்கிறேன். பெற்றோர் அதைச் சொல்வதேயில்லை, நாம்தான் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தாய்: மகனுக்குச் சலம் சிறுநீரகத்தை நோக்கித் திரும்பிப் பாய்கிறது. தொற்று வராமல் தடுக்க இரவில் கொடுக்கும் கிருமிகொல்லி மருந்தை நீண்டகாலம் கொடுப்பது அவசியமா?

பதில்: அமெரிக்காவில் 607 பிள்ளைகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகள் தினமும் கொடுத்த மருந்து மீண்டும் வரும் தொற்றைச் சுமார் பாதியாகக் குறைத்தது, சிறுநீரகத் தழும்பைக் குறைக்கவில்லை, மருந்துக்கு அடங்காத கிருமிகளும் கூடின. ஆகவே திரும்பிப் பாயும் அளவையும் முந்தைய தொற்றுகளையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். தொற்று மீண்டும் வந்தால், எந்த மருந்தில் இருக்கும்போது வந்தது என்பதை ஆய்வுகூடத் துண்டில் எழுதச் சொல்லுங்கள்.