குடும்ப மருத்துவர்களிடம் வரும் பதின்ம வயதினர் தடுப்பூசி போட்டுக்கொள்ளும் விகிதத்தை எப்படி உயர்த்துவது? பெற்றோரின் தயக்கத்தை எப்படிப் போக்குவது?

நான் குடும்ப மருத்துவர். இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு உடன்பாடில்லை. பெற்றோருக்குத் தயக்கம் உண்டு, சிலர் மறுக்கவும் செய்வார்கள். ஆனால் தடுப்பூசி விடுபட்ட பிள்ளைகளின் கோப்புகளை எடுத்துப் புரட்டினால், "பெற்றோர் வேண்டாம் என்றார்" என்ற குறிப்பு அபூர்வமாகத்தான் கண்ணில் படும். பெரும்பாலானவற்றில் எந்தக் குறிப்பும் இராது. பிள்ளை வந்திருக்கிறான், இருமலுக்கு மருந்து எழுதி வாங்கியிருக்கிறான், போய்விட்டான். ஊசியைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. பெற்றோரின் மனத்தை மாற்றுவதற்கு முன்னால் கிளினிக்கின் வழக்கத்தை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

கைக்குழந்தை விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இத்தனையாவது வாரம் இன்ன ஊசி என்று அட்டையில் இருக்கும். தாயே அதை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். பத்து வயதைத் தாண்டியதும் அந்த அட்டை எங்கே போயிற்று என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த வயதுப் பிள்ளைகள் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பதால் மருத்துவரிடம் வருவதே குறைவு. வந்தால் காய்ச்சல், கணுக்கால் சுளுக்கு, முகப்பரு, அல்லது பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு ஒரு சான்றிதழ். வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஆனால் அந்த வயதில் போட வேண்டியவை முக்கியமானவை. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி இருக்கிறது. சிறு வயதில் போட்ட ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் ஊசிகளின் பாதுகாப்பு நாளாக ஆகத் தேய்ந்துவிடுவதால் ஊக்க ஊசி வேண்டும். சில நாடுகளின் அட்டவணையில் மூளையுறைக் காய்ச்சலுக்கு எதிரான மெனிங்கோகாக்கல் தடுப்பூசியும் உண்டு.

ஆக, சுளுக்குக்காக வந்த நாள்தான் ஊசிக்கான நாளும். லேசான சளி, இலேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவை தடுப்பூசியைத் தள்ளிப்போடக் காரணங்கள் அல்ல. கடும் நோயோடு இருப்பவருக்கும், அந்த மருந்துக்கு முன்பு தீவிர ஒவ்வாமை வந்தவருக்கும்தான் நிறுத்த வேண்டும். "உடம்பு சரியானதும் அழைத்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்புகிற பழக்கம் பல மருத்துவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. உடம்பு சரியான பிள்ளையை மருத்துவரிடம் யார் அழைத்து வருவார்கள்?

இதை மருத்துவரின் ஞாபகசக்தியை நம்பி விடக்கூடாது. காத்திருப்போர் அறையில் பலர் இருக்கும்போது எந்த மருத்துவருக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணின் ஊசிக் கணக்கு நினைவுக்கு வராது. வரவேற்பில் பெயரைப் பதிகிறபோதே செவிலியர் கோப்பைப் பார்த்து, எது பாக்கி என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மேலே செருகிவிட வேண்டும். கணினியில் நினைவூட்டல் வந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் பத்து எச்சரிக்கைகள் குதிக்கிற மென்பொருளில் எல்லாவற்றையும் படிக்காமலே மூடிவிடக் கை பழகிவிடும். காகிதச் சீட்டு அப்படி மறைந்து போகாது. சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் இதற்கு மேலும் ஒரு படி போகலாம். வயதும் தவணையும் பொருந்தினால், மருத்துவர் ஒவ்வொரு முறையும் கையெழுத்திடக் காத்திராமல், செவிலியரே கேள்விகளைக் கேட்டு, ஒப்புதல் வாங்கி, ஊசி போடலாம் என்று நிலையான உத்தரவு எழுதி வைப்பது. விகிதத்தை உயர்த்துகிற ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மருத்துவர் விடுப்பில் இருக்கும் நாளிலும் வேலை நடக்கும்.

அடுத்து, பேசும் விதம். "எச்.பி.வி. ஊசி பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? போடலாமா, யோசித்துச் சொல்கிறீர்களா?" என்று ஆரம்பித்தால், இதில் ஏதோ யோசிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது என்றுதான் ஒரு தாய்க்குத் தோன்றும். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். பேச்சு அத்தோடு முடியும். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "உங்கள் மகனுக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டது. இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் போடுகிற ஊசிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று ரண ஜன்னிக்கும் கக்குவான் இருமலுக்கும், இன்னொன்று எச்.பி.வி. கிருமியால் வரும் புற்றுநோய்களுக்கு. இன்றைக்கே போட்டுவிடலாம்." அவ்வளவுதான். தாய் தலையசைத்தால் செவிலியரை அழைக்கலாம். "புற்றுநோய் ஊசியா? பையனுக்கு எதற்கு டாக்டர்?" என்று கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில்: "தொண்டையிலும் ஆசனவாயிலும் ஆண்களுக்கும் இந்தக் கிருமியால் புற்றுநோய் வருகிறது. என் பிள்ளையாக இருந்தாலும் இதைத்தான் செய்வேன்." கேட்காத கேள்விக்கெல்லாம் விளக்கம் கொடுத்து, இல்லாத சந்தேகத்தைக் கிளப்பிவிடுகிற மருத்துவர்கள் உண்டு. நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். பலன்தான் நேர்மாறு.

இது வெறும் அனுபவப் பேச்சு அல்ல. அமெரிக்காவின் வட கரோலினாவில் 30 கிளினிக்குகளில் நடந்து 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அந்தக் கிளினிக்குகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மேலே சொன்னபடி சுருக்கமாக அறிவிக்கப் பயிற்சி. இன்னொரு குழுவுக்குப் பெற்றோரோடு கலந்துரையாடப் பயிற்சி. மூன்றாவது குழுவுக்குப் பயிற்சியே இல்லை. பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டால், அறிவித்தவர்களிடம் எச்.பி.வி. ஊசியைத் தொடங்கிய 11, 12 வயதினரின் விகிதம் 5.4 சதவீதப் புள்ளிகள் கூடியது. கலந்துரையாடியவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கட்டாயப்படுத்தச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேள்வி கேட்கும் உரிமையும் மறுக்கும் உரிமையும் பெற்றோரிடம் அப்படியே இருக்கின்றன. மருத்துவர் தன் பரிந்துரையைத் தயங்காமல் சொல்ல வேண்டும், அதுதான் கேட்பது.

எச்.பி.வி. பற்றித்தான் கேள்விகள் அதிகம் வரும். "இந்த வயதிலேயே எதற்கு?" என்பது முதலாவது. கிருமி உடலுக்குள் வருவதற்கு முன்னால் போட்டால்தான் தடுப்பூசி முழுப் பலன் தரும். தவிர, சின்ன வயதில் உடலின் எதிர்ப்பாற்றல் நன்றாக உருவாகிறது. இதைப் போட்டால் பிள்ளைகள் வழிதவறுவார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு, வாய்விட்டுக் கேட்பவர்கள் சிலர்தான். தடுப்பூசியால் பாலியல் நடத்தை மாறுவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "உண்மையிலேயே பலன் உண்டா?" என்று கேட்பவர்களிடம் சொல்ல இப்போது வலுவான செய்தி இருக்கிறது. ஸ்வீடனில் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை வைத்து 2020இல் வந்த ஆய்வில், 17 வயதுக்கு முன்பே ஊசி போட்டவர்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுத் தவணை போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட அந்தப் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள்.

பரிந்துரை நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். 2013 ஏப்ரலில் எச்.பி.வி. தடுப்பூசியைத் தேசிய அட்டவணையில் சேர்த்தார்கள். பக்கவிளைவு என்று ஊடகங்களில் செய்திகள் பரவியதும், அதே ஆண்டு ஜூனில் அரசு பரிந்துரைப்பதை மட்டும் நிறுத்தியது. ஊசிக்குத் தடை இல்லை. கேட்டால் இலவசமாகப் போடுவார்கள். அப்படியிருந்தும் 70 சதவீதத்துக்கு அருகில் இருந்த விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. மீண்டும் பரிந்துரைக்கத் தொடங்கியது 2022 ஏப்ரலில்தான். அரசின் மௌனத்தைப் பெற்றோர் எப்படிப் புரிந்துகொண்டார்களோ, மருத்துவரின் மௌனத்தையும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

மறுப்பவரிடம் வாதாடாதீர்கள். என்ன கவலை என்று கேளுங்கள், பதில் சொல்லுங்கள், "அடுத்த முறை வரும்போது திரும்பவும் பேசுவோம்" என்று கோப்பில் குறித்துவிடுங்கள். ஒரு முறை மறுத்த பெற்றோரில் பலர் பிறகு சம்மதிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் மறந்துபோகிற ஆள் ஒருவர் உண்டு, ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்! மருத்துவர் தாயைப் பார்த்தே பேசிக்கொண்டிருக்க, பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த வயதில் பாதி எதிர்ப்பு ஊசியின் மேல் உள்ள பயம்தான். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "எனக்கு இது தேவையில்லை" என்பார்கள். பிள்ளையிடமே நேரடியாகப் பேசுங்கள், எந்தக் கையில் போடலாம் என்று கேளுங்கள். பதின்ம வயதினர் ஊசிக்குப் பிறகு மயங்கி விழுவதும் உண்டு. உட்கார வைத்தோ படுக்க வைத்தோ போட்டுவிட்டு, கால் மணி நேரம் இருக்கச் சொல்ல வேண்டும். ஒரு பையன் எழுந்து வாசலருகே போய்ச் சரிந்தால், காத்திருக்கும் அத்தனை பேரும் அதைப் பார்ப்பார்கள். அன்றைக்கு வேறு யாருக்கும் ஊசி போட முடியாது.

இரண்டாம் தவணையில்தான் கணிசமானோர் நழுவிவிடுவார்கள். ஒற்றைத் தவணையும் போதும் என்ற வாய்ப்பை உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் 9 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்குத் திறந்துவிட்டது. சில நாடுகள் அதற்கு மாறிவிட்டன. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு ஒற்றைத் தவணை போதாது. உங்கள் நாட்டின் அட்டவணையில் இரண்டு தவணை என்றால், முதல் ஊசி போட்ட அன்றே ஆறு மாதம் கழித்து ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்துவிடுங்கள். நெருங்கும்போது ஒரு குறுஞ்செய்தி, வராவிட்டால் ஒரு தொலைபேசி அழைப்பு. தேதி தவறிப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். இது தெரியாமலே, தாமதமாகிவிட்டதே என்று வராமல் இருந்துவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன.

கணக்கு எடுப்பதும் அவசியம். எந்த மருத்துவரைக் கேட்டாலும் "என் நோயாளிகள் அநேகமாக எல்லோரும் போட்டிருக்கிறார்கள்" என்பார். எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே கிளினிக்கில் உள்ள மருத்துவர்களின் விகிதத்தைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டினால், யாரும் அறிவுரை சொல்லாமலே அடுத்த மாதம் மாற்றம் தெரியும். அதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. இந்த ஆண்டு பதின்மூன்று வயது ஆகிறவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து, எதிரே தவணைத் தேதிகளை நிரப்பச் சொல்லுங்கள். காலியாக இருக்கும் கட்டங்களுக்கு நேரே உள்ள பெயர்களின் தொலைபேசி எண்களை, பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து அழைக்க ஆரம்பிக்கலாம்.